போட்டிக்கு எந்தக் கைத்துப்பாக்கி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் சிலர் ‘பிராக்டிகல் ஷூட்டிங்’ போட்டிகளைப் பற்றி எழுதிய கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். ஓரிடத்தில் நின்று வட்ட இலக்கைக் குறிபார்க்கும் ஒலிம்பிக் போட்டி அல்ல இது. போட்டியாளர் இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, தடுப்புகளுக்கிடையே ஓடி, அட்டை இலக்குகளையும் எஃகுத் தட்டுகளையும் சுட்டு, தேவைப்படும் இடத்தில் மேகசினை (தோட்டாக்கள் அடங்கிய கூட்டை) மாற்றி முடிக்க வேண்டும். அவர் எடுத்துக்கொண்ட நேரம் நொடியின் நூறில் ஒரு பங்குவரை கணக்கிடப்படும்.

கேள்வி: நான் கிரீன் கார்டு வைத்திருப்பவன். ஓராண்டாக ஒரு ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பழகி வருகிறேன். அருகிலுள்ள கிளப்பில் மாதந்தோறும் நடக்கும் யு.எஸ்.பி.எஸ்.ஏ. (இந்த விளையாட்டின் அமெரிக்க அமைப்பு) போட்டியில் சேர விரும்புகிறேன். எல்லாம் சேர்த்து 1,500 டாலர்வரை செலவிட முடியும். கடைக்காரர் சிறிய ‘கேரி’ துப்பாக்கி ஒன்றைக் காட்டுகிறார். உடன் வேலை செய்யும் நண்பரோ, 1911 வகை .45 (அங்குல விட்டம்) தவிர வேறெதுவும் துப்பாக்கியே அல்ல என்கிறார். எதை வாங்கலாம்?
– வாசகர் ஒருவர், ஃபிரிஸ்கோ, டெக்ஸாஸ்

பதில்: இரண்டுமே வேண்டாம். ஆனால் உங்கள் நண்பர் சொல்வதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பிற்பாடு சொல்லப்போகும் விதிகள் எளிதில் புரியும்.

இந்த விளையாட்டு 1950களில் கலிஃபோர்னியாவில், ஜெஃப் கூப்பரும் அவரைச் சுற்றியிருந்த சிலரும் ‘சண்டை நேரத்தில் கைத்துப்பாக்கியை உண்மையில் எப்படிப் பயன்படுத்துவது’ என்று சோதித்துப் பார்க்க நடத்திய போட்டிகளிலிருந்து வளர்ந்தது. 1976இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடி ஐ.பி.எஸ்.சி. என்ற பன்னாட்டு அமைப்பை உருவாக்கியபோது, கூப்பரே அதன் முதல் தலைவரானார். துல்லியம், வலிமை, வேகம் ஆகிய மூன்றையும் குறிக்கும் லத்தீன் சொற்களை அந்த அமைப்பு தன் குறிக்கோளாகக் கொண்டது. நடுவில் உள்ள ‘வலிமை’தான் .45க்கு அந்நாளில் இருந்த மரியாதைக்குக் காரணம். அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்ட, ஜான் பிரவுனிங் வடிவமைத்த அந்தத் துப்பாக்கிதான் தொடக்ககாலப் போட்டியாளர்களின் இயல்பான தேர்வாக இருந்தது. இன்று யு.எஸ்.பி.எஸ்.ஏ.யில் அதற்கென ‘சிங்கிள் ஸ்டாக்’ என்று தனிப் பிரிவு இருக்கிறது. பழமையில் பற்றுள்ளவர்கள் அதில் மகிழ்ச்சியாகச் சுடுகிறார்கள். எட்டுத் தோட்டாக்களுக்கு ஒருமுறை மேகசின் மாற்றிக்கொண்டு, விலை கூடிய .45 தோட்டாவையும் வாங்கிக்கொண்டு முதல் போட்டியைத் தொடங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கடைக்காரர் காட்டும் துப்பாக்கி சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்காகச் செய்யப்பட்டது. பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. எடை குறைவாக இருப்பதால் ஒவ்வொரு வெடிப்புக்கும் முனை அதிகம் மேலே எழும். குழலின் நீளம் குறைவாக இருப்பதால் குண்டின் வேகமும் குறையும். மறைப்பதற்கு உதவும் ஒவ்வொரு குணமும் போட்டியில் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். யு.எஸ்.பி.எஸ்.ஏ.யில் எல்லோரும் ஒரே மைதானத்தில் ஒரே இலக்குகளைச் சுட்டாலும், வெற்றி தோல்வி அந்தந்தப் பிரிவுக்குள்தான் முடிவாகிறது. ரெட் டாட் (ஒளிப்புள்ளியால் குறிகாட்டும் சிறு கண்ணாடி), முனை எழுவதைக் குறைக்கும் குழல்முனை காம்பன்சேட்டர், 171.25 மி.மீ. வரை நீண்ட மேகசின் எனப் பந்தயக் கார் போலத் தயாரித்த துப்பாக்கிகள் ‘ஓப்பன்’ பிரிவில் மோதுகின்றன. கடையில் கிடைக்கும் துப்பாக்கியைப் பெரும்பாலும் அப்படியே, இரும்புக் குறிகளுடன் (துப்பாக்கியின் மேலுள்ள முன்குறி, பின்குறி) சுடுவது ‘புரொடக்ஷன்’. அதே வகைத் துப்பாக்கியின் ஸ்லைடு (சுடும்போது முன்பின் நகரும் மேல் பாகம்) மேல் ஒரு ரெட் டாட் பொருத்தி, 141.25 மி.மீ. நீளம்வரை உள்ள மேகசினுடன் சுடுவது ‘கேரி ஆப்டிக்ஸ்’. பெயரில் ‘கேரி’ இருந்தாலும், காலி மேகசினோடும் டாட்டோடும் சேர்த்து 59 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 1,670 கிராம்வரை எடையை அப்பிரிவு அனுமதிக்கிறது. அவ்வளவு கனத்தை யாரும் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடப்பதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது கேரி ஆப்டிக்ஸ்தான். முழு அளவுள்ள 9 மி.மீ. ஸ்டிரைக்கர் (வெளியே சுத்தியல் இல்லாத) துப்பாக்கி, ஸ்லைடில் டாட் பொருத்துவதற்கான வெட்டு தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது, உதிரிப் பாகமும் மேகசினும் எந்த ஊரிலும் கிடைப்பது என்ற மூன்று நிபந்தனைகளை வைத்துக்கொள்ளுங்கள். கிளாக் 17 அல்லது 34இன் டாட் பொருத்த வெட்டிய எம்.ஓ.எஸ். வடிவம், வால்தர் பி.டி.பி., செக் நாட்டின் சி.இசட். பி-10 எஃப், துருக்கியின் கானிக் ரைவல் ஆகியவை எல்லாம் இந்த நிபந்தனைகளுக்குள் வரும். இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு, புதிதாக வரும் ஒருவரின் மதிப்பெண் பட்டியலில் தெரியும் அளவுக்குப் பெரியதல்ல. கையில் எடுத்துப் பிடித்து, கண்ணை மூடி இலக்கை நோக்கி நீட்டி, பிறகு கண்ணைத் திறந்தால் எது நேராக நிற்கிறதோ அதை வாங்குங்கள்.

ரெட் டாட்டைப் பற்றி ஒரு சொல். இரும்புக் குறிகளைச் சரியாகப் பயன்படுத்த, கண் முன்குறியில் குவிய வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிய வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கை நீள தூரத்தில் உள்ள முன்குறியில் கண்ணைக் குவிப்பதே சிரமம். டாட் வைத்தால் பார்வை இலக்கிலேயே இருக்கலாம். ஒளிப்புள்ளி அதன் மேல் வந்து நிற்கும். தொடக்கத்தில் துப்பாக்கியை உருவியதும் புள்ளி கண்ணாடிக்குள் தென்படாமல் தேட வேண்டியிருக்கும். வீட்டில் தோட்டா இல்லாமல் தினமும் சிறிது நேரம் உருவிப் பழகினால் அது சில வாரங்களில் சரியாகிவிடும். அப்படிப் பழகும் அறைக்குள் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உள்ள வீடென்றால் துப்பாக்கிக்குப் பூட்டுப் பெட்டி வாங்கும் செலவை இந்த 1,500க்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

பணத்தில் பாதிக்கு மேல் துப்பாக்கியிலும் டாட்டிலும் போட்டுவிடாதீர்கள். விசையை (ட்ரிக்கரை) முழுமையாக மூடும் கெட்டியான உறை, போட்டிக்கான விறைப்பான இடுப்புப் பட்டை, மேகசின் பைகள், பாதுகாப்புக் கண்ணாடி, செவிக்காப்பு ஆகியவை சேரும்போது தொகை சத்தமில்லாமல் ஏறிவிடும். தோட்டாச் செலவோ அதற்கும் மேல். ஒரு தோட்டா 25 சென்ட் என்று வைத்து, மாதம் 500 தோட்டாக்கள் சுட்டால் ஆண்டுக்கு 1,500 டாலர் ஆகிவிடுகிறது. துப்பாக்கியை ஒருமுறைதான் வாங்குகிறீர்கள். தோட்டாவை ஒவ்வொரு மாதமும் வாங்க வேண்டும். 9 மி.மீ.யை நான் வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இந்தக் கணக்குதான்.

வாங்குவதற்கு முன் ஒருமுறை வெறுங்கையோடு கிளப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடியும் செவிக்காப்பும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலான போட்டியாளர்கள் தங்கள் துப்பாக்கியைப் பற்றிப் பேசச் சொன்னால் நிறுத்தவே மாட்டார்கள், போட்டி முடிந்ததும் இரண்டு மேகசின் சுட்டுப் பார்க்கக் கொடுப்பவர்களும் உண்டு.

கேள்வி: ‘மேஜர்’, ‘மைனர்’ என்று பிரிக்கிறார்கள். மேஜரில் மதிப்பெண் அதிகமாம். அப்படியானால் .40 துப்பாக்கி வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?
– வாசகர் ஒருவர், ஹூஸ்டன்

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். குண்டின் எடையை கிரெயினிலும் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) அதன் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் கிடைப்பது ‘பவர் ஃபேக்டர்’. யு.எஸ்.பி.எஸ்.ஏ.யில் அது 165ஐத் தொட்டால் மேஜர், 125ஐத் தொட்டால் மைனர். 180 கிரெயின் எடையுள்ள .40 குண்டு நொடிக்கு 940 அடி வேகத்தில் சென்றால் 169.2 வரும், அது மேஜர். 124 கிரெயின் 9 மி.மீ. குண்டு 1,050 அடி வேகத்தில் சென்றால் 130.2, அது மைனர். பெரிய போட்டிகளில் உங்கள் தோட்டாக்களில் சிலவற்றை வாங்கி, வேகமானி வைத்துச் சோதிப்பார்கள். 125க்கும் கீழே இறங்கினால் நீங்கள் அன்று முழுவதும் சுடலாம். ஆனால் ஒரு மதிப்பெண்ணும் கணக்கில் வராது. 124 கிரெயின் குண்டு சரியாக 1,000 அடி வேகத்தில் சென்றால் விடை 124 என்பதைக் கவனியுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் உங்கள் துப்பாக்கியின் குழலில் அப்படியே கிடைக்கும் என்று நம்பி எல்லையை ஒட்டிப் போகாமல், 130ஐ ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

அட்டையின் நடுவிலுள்ள ஏ பகுதியில் பட்டால் இரண்டு வகையினருக்கும் 5 மதிப்பெண். சி பகுதிக்கு மேஜரில் 4, மைனரில் 3. டி பகுதிக்கு மேஜரில் 2, மைனரில் 1. தவறிப்போன குண்டுக்கு இருவருக்குமே 10 கழியும். கிடைத்த மொத்த மதிப்பெண்ணை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவது ‘ஹிட் ஃபேக்டர்’. போட்டியின் ஒரு கட்டத்தில் (ஸ்டேஜ்) எவருடைய ஹிட் ஃபேக்டர் உயர்ந்ததோ அவருக்கு அக்கட்டத்தின் முழுப் புள்ளிகளும், மற்றவர்களுக்கு அவர்களுடையதின் விகிதப்படியும் கிடைக்கும்.

24 குண்டுகள் சுட வேண்டிய ஒரு கட்டத்தை இருவர் 15 நொடியில் முடிக்கிறார்கள் என்று கொள்வோம். இருவருக்கும் 18 ஏ, 6 சி. மேஜர்காரருக்கு 114 மதிப்பெண், ஹிட் ஃபேக்டர் 7.6. மைனர்காரருக்கு 108, ஹிட் ஃபேக்டர் 7.2. சமன் செய்ய மைனர்காரர் அதே கட்டத்தை ஏறக்குறைய 14.2 நொடியில் முடிக்க வேண்டும். இனி இருவரும் 22 ஏ, 2 சி என்று சுட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்: 118க்கு எதிராக 116, வேறுபாடு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மேஜரின் சலுகை குறி தவறுபவருக்குத்தான் அதிகம் உதவுகிறது. அதே நேரத்தில் .40 மேஜர் தோட்டாவின் பின்னுதைப்பு, புதிதாகப் பழகுபவரைக் குறி தவற வைப்பதிலும் முதலிடம் வகிக்கிறது. விசையை அழுத்தும் கணத்தில் வெடிப்பை எதிர்பார்த்துக் கை தானாகக் கீழே தள்ளும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், அதை நீக்க மாதங்கள் ஆகும்.

அதோடு, இந்தக் கேள்வி எழும் பிரிவுகளே குறைவு. புரொடக்ஷனிலும் கேரி ஆப்டிக்ஸிலும் எந்தத் தோட்டாவைச் சுட்டாலும் மைனர் மதிப்பெண்தான். ஆகவே அங்கே .40 சுடுபவர் உதையை மட்டும் வாங்கிக்கொண்டு பலனை விட்டுவிடுகிறார். இரும்புக் குறிகளோடு, மாற்றங்கள் செய்த துப்பாக்கிகளைச் சுடும் ‘லிமிடெட்’ பிரிவில் மேஜர் என்று கணக்கிடப்பட .40 அல்லது அதற்கு மேற்பட்ட விட்டம் தேவை; உங்கள் மனம் அங்கேதான் இருக்கிறது என்றால் .40க்கு அர்த்தம் உண்டு. ஓப்பனில் 9 மி.மீ.யையே மேஜர் வேகத்துக்கு ஏற்றிச் சுடுகிறார்கள். அது அதற்கென்றே கட்டிய துப்பாக்கியில், தோட்டாவைத் தாமே நிரப்பத் தெரிந்தவர்கள் செய்கிற வேலை. சாதாரணக் கடைத் துப்பாக்கியில் அந்த அழுத்தத்தை முயல்வது கையையும் கண்ணையும் பணயம் வைப்பதாகும்.

கேள்வி: கணவரோடு போட்டிக்குப் போய்ப் பார்த்தேன், எனக்கும் ஆசை வந்துவிட்டது. என் கை சிறியது. கனமான எஃகுத் துப்பாக்கி பெண்களுக்குச் சரிவராது, சின்னதாக வாங்குங்கள் என்கிறார்கள். அப்படியா?
– வாசகி ஒருவர், மிச்சிகன்

பதில்: தலைகீழான அறிவுரை. குண்டு முன்னே செல்லும்போது துப்பாக்கி பின்னே தள்ளப்படும் உதைப்பு, அதன் எடை கூடக்கூட மெதுவான அசைவாக மாறுகிறது. பாலிமர் உடலுள்ள கிளாக் 17 காலியாக ஏறத்தாழ 630 கிராம். எஃகு உடலுள்ள சி.இசட். ஷேடோ 2 ஏறத்தாழ 1,330 கிராம். ஒரே தோட்டாவை இரண்டிலும் சுட்டுப் பார்த்தால் இரண்டாவதில் முனை எழுவது குறைவாக இருப்பதும், அடுத்த குண்டுக்குக் குறி விரைவில் திரும்பி வருவதும் உடனே புரியும். ஒரு கட்டத்தில் துப்பாக்கி உங்கள் கையில் நீட்டியபடி இருப்பது அரை நிமிடம்கூட இல்லை, ஆகவே எடை களைப்பைத் தருவது அரிது. தோள் வலுவுக்குச் சில வாரப் பயிற்சி போதும்.

உங்கள் கை விஷயத்தில் பார்க்க வேண்டியது பிடியின் சுற்றளவும், பிடியின் பின்புறத்திலிருந்து விசைக்கு உள்ள தூரமும்தான். துப்பாக்கியை முன்கையோடு நேர்கோட்டில் பிடித்தபோது, சுட்டுவிரலின் முதல் கணுப் பகுதி விசையின் நடுவில் வந்து அமர வேண்டும். அது எட்டவில்லையென்று கையைச் சுழற்றிப் பிடித்தால் பின்னுதைப்பு கட்டைவிரல் மூட்டில் இறங்கும், குண்டும் ஒரு பக்கமாகப் போகும். பிடியின் பின்பட்டையை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள துப்பாக்கிகளில் மிகச் சிறியதைப் போட்டுப் பாருங்கள். ஸ்லைடைப் பின்னிழுக்க முடியவில்லை என்பதும் பலர் சொல்லும் குறை. அங்கேயும் சிறிய துப்பாக்கிதான் கடினம். ஸ்லைடு சிறிதாக இருப்பதால் அதன் ஸ்பிரிங்கை விறைப்பாக வைக்க வேண்டியிருக்கிறது. துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவந்து, ஒரு கையால் ஸ்லைடைப் பற்றி, மறு கையால் உடலை முன்னே தள்ளினால் வேலை எளிதாகும். அப்போதும் முனை இலக்குத் திசையைவிட்டு விலகக் கூடாது.

பெண்களுக்கு ‘லேடி’ என்ற தனி வகையில் பரிசு உண்டு, பொதுப் பட்டியலிலும் உங்கள் பெயர் இருக்கும். கணவரின் துப்பாக்கியையே பகிர்ந்துகொள்ளலாம் என்ற யோசனை வீட்டில் எழுந்தால் மறுத்துவிடுங்கள். இருவரும் ஒரே குழுவில் சுடும் நாளில் பட்டையையும் உறையையும் மாற்றி மாற்றிக் கட்டுவதற்கே பொழுது போய்விடும்.

கேள்வி: உலகப் போட்டிகளின் காணொளிகளில் எங்கே பார்த்தாலும் ஷேடோ 2தான். விலை 1,300 டாலருக்கு மேல் என்றாலும் முதலிலேயே அதை வாங்கிவிட்டால் பிறகு மாற்ற வேண்டியதில்லை அல்லவா?
– வாசகர் ஒருவர், ஆஸ்டின்

பதில்: நல்ல துப்பாக்கி, அதில் ஐயமில்லை. 1975இல் கூட்ஸ்கி சகோதரர்கள் செக்கோஸ்லோவாக்கியாவில் வடிவமைத்த சி.இசட். 75இன் வழித்தோன்றலான அது 2016இல் வெளிவந்தது. ஸ்லைடு உடலுக்கு உட்புறமாக ஓடும் அமைப்பால் குழல் கைக்கு நெருக்கமாகத் தாழ்ந்திருக்கிறது. அதன் மென்மையான நடைக்கு எடையோடு இதுவும் ஒரு காரணம். பணம் ஒரு பொருட்டல்ல என்றால் வாங்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அது டி.ஏ./எஸ்.ஏ. வகை. முதல் குண்டுக்கு விசை நீளமாகவும் கனமாகவும் வரும். அடுத்தவற்றுக்குக் குறுகியதாகவும் லேசாகவும் வரும். புரொடக்ஷனிலும் கேரி ஆப்டிக்ஸிலும் இவ்வகைத் துப்பாக்கியைச் சுத்தியல் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் பாகம்) கீழே இறங்கிய நிலையில்தான் தொடங்க வேண்டும். வழக்கமாக விற்கும் ஷேடோ 2இல் சுத்தியலை இறக்கும் நெம்பு கிடையாது. ‘மேக் ரெடி’ (தயாராகுங்கள்) என்று நடுவரான ரேஞ்ச் ஆபிசர் சொன்னதும் தோட்டாவை ஏற்றிவிட்டு, கட்டைவிரலால் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தி, அதை மெல்ல இறக்க வேண்டும். அந்தக் கட்டைவிரல் வழுக்கினால் துப்பாக்கி வெடிக்கும். குண்டு யாருக்கும் தீங்கு செய்யாமல் மண்மேட்டில் போய் விழுந்தாலும் அன்றைய போட்டியிலிருந்து நீங்கள் தகுதிநீக்கம். எல்லாக் கண்களும் தன்னைப் பார்க்கும் முதல் போட்டியில், கை நடுங்கும் ஒருவருக்கு இந்த வேலையைத் தர நான் விரும்பவில்லை. ஸ்டிரைக்கர் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றினால் உறையில் வைத்துவிடலாம். ஓராண்டு அதில் சுட்டுவிட்டு, பிறகும் ஆசை குறையவில்லை என்றால் ஷேடோ 2க்கு மாறுங்கள். பழையதை மாற்றுத் துப்பாக்கியாக வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் ஐ.பி.எஸ்.சி. விதிப்படி நடக்கும் போட்டிகளிலும் சுடும் எண்ணம் இருந்தால் – 2022இல் உலகப் போட்டி தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது – இன்னொரு கண்ணியைக் கவனியுங்கள். ஐ.பி.எஸ்.சி. புரொடக்ஷனில் குழல் 127 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஏறத்தாழ 135 மி.மீ. குழலுள்ள கிளாக் 34 அமெரிக்காவில் செல்லும், அங்கே செல்லாது. கிளாக் 17 இரண்டு இடத்திலும் செல்லும். விசைக்கும் குறைந்தபட்ச எடை உண்டு: முதல் குண்டுக்கு 2.27 கிலோ, அல்லது எல்லாக் குண்டுகளுக்கும் 1.36 கிலோ. விசையை லேசாக்கித் தரும் பட்டறைக்காரரிடம் துப்பாக்கியைக் கொடுப்பதற்கு முன் இந்த எண்களைச் சொல்லிவிடுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால், வாங்கும் மாதத்தில் உள்ள விதிநூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது கட்டாயம்.

கேள்வி: எங்கள் மாநிலத்தில் மேகசினுக்குப் பத்துத் தோட்டாக்கள்தான். நாங்கள் போட்டியை மறந்துவிட வேண்டியதுதானா?
– வாசகர் ஒருவர், எடிசன், நியூஜெர்சி

பதில்: வேண்டியதில்லை. நியூஜெர்சியில் 2018 முதல் பத்துதான் வரம்பு. கலிஃபோர்னியாவிலும் அதே எண். இத்தகைய மாநிலங்களை மனத்தில் வைத்துத்தான் மேகசினுக்குப் பத்துத் தோட்டாக்களையே அனுமதிக்கும் ‘லிமிடெட் 10’ என்ற பிரிவு நெடுங்காலமாக இருந்து வருகிறது. உள்ளூர்ப் போட்டியில் எல்லோருக்கும் ஒரே தடை என்பதால் கேரி ஆப்டிக்ஸிலும் அநீதி இல்லை; டெக்ஸாஸுக்கோ ஃபுளோரிடாவுக்கோ போய்ச் சுடும்போதுதான் குறை தெரியும். சிங்கிள் ஸ்டாக் பிரிவில் எவருக்குமே மைனரில் பத்து, மேஜரில் எட்டுதான் என்பதால் 9 மி.மீ. 1911 ஒன்று உங்களுக்கு மிகப் பொருத்தமாக அமையும். ஃபிரிஸ்கோ வாசகருக்கு வேண்டாம் என்ற துப்பாக்கியை உங்களுக்குச் சொல்கிறேன். மாநில எல்லை தாண்டினால் நல்ல அறிவுரையும் மாறிவிடுகிறது. பொறுமை அதிகமுள்ளவர் என்றால் எட்டுக் குண்டு ரிவால்வரும் இருக்கிறது. அதற்கான ‘மூன் கிளிப்’ தகட்டில் எட்டையும் சேர்த்துக் கோத்து ஒரே தள்ளில் நிரப்புவது பார்க்க அழகான வித்தை, கற்கக் கடினமான வித்தை.

ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி கொள்முதல் அனுமதி பெற வேண்டிய மாநிலம் உங்களுடையது. ஆகவே போட்டி நாள் நெருங்கும்போது கடைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நான் கைத்துப்பாக்கி வாங்கிப் போட்டியில் சேரலாமா? கிரீன் கார்டு உள்ள நண்பர் தன் பெயரில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.
– வாசகர் ஒருவர், சியாட்டில்

பதில்: நண்பருக்கு நன்றி சொல்லி, உடனே மறுத்துவிடுங்கள். இன்னொருவருக்காகத் தன் பெயரில் வாங்குவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே ‘உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா’ என்ற கேள்வி இருக்கிறது, அதற்குப் பொய் சொன்னவர் தன் கிரீன் கார்டையே ஆபத்தில் வைக்கிறார்.

எச்-1பி உட்பட, குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்போர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. ‘வைத்திருப்பது’ என்பதற்குச் சொந்தமாக வாங்குவது என்று மட்டும் பொருள் அல்ல. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும், நண்பருடையதைக் கையில் வாங்கிச் சுடுவதும் அதற்குள் அடங்கும். இது தெரியாமல் வார இறுதியில் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ப் படம் எடுத்துப் பகிரும் நம்மவர்கள் நிறையப் பேர். சட்டத்தில் சில விலக்குகளும் உண்டு. அவற்றுள் பலரும் பயன்படுத்துவது, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கான விலக்கு. உரிமம் காலாவதியாகும் நாளில் விலக்கும் போய்விடும். அதற்கு மேல் உங்கள் மாநிலச் சட்டம் தனியே விதிக்கும் நிபந்தனைகளும் இருக்கும். குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் உங்கள் தாள்களைக் காட்டி, எழுத்தில் கருத்துப் பெற்ற பிறகே தோட்டாப் பெட்டியைத் தொடுங்கள். கணவருக்கு கிரீன் கார்டு, மனைவிக்கு எச்-4 (குடியேற்றம் அல்லாத சார்பு விசா) என்றிருக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும்: கணவரின் துப்பாக்கிப் பெட்டியின் சாவி மனைவியிடம் இருக்கக் கூடாது.

கேள்வி: இந்தியாவில் இந்தப் போட்டிக்குத் துப்பாக்கி வாங்க வழி உண்டா?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: மேலே சொன்ன வகையில் இல்லை. இப்போட்டியின் உயிராக உள்ள 9 மி.மீ. தோட்டா இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட விட்டத்தில் அடங்குகிறது. கைத்துப்பாக்கிச் சுடுதலில் ஈடுபட விரும்பும் இளைஞருக்கு 10 மீட்டர் ஏர் பிஸ்டல்தான் சரியான வாசல். .177 விட்டமும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தனிநபர் வெண்கலம் வென்றதும், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம் வென்றதும் அந்தப் போட்டியில்தான். விசைக் கட்டுப்பாட்டை அங்கே கற்றவர் பிற்காலத்தில் வேறு நாட்டில் பிராக்டிகல் போட்டிக்கு வந்தால், வேகத்தை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: எத்தனை மேகசின் வாங்க வேண்டும்?
– வாசகர் ஒருவர், அட்லாண்டா

பதில்: ஒரு கட்டத்தில் பெரும்பாலும் 32 குண்டுகளுக்கு மேல் தேவைப்படாது. ஆனால் எஃகுத் தட்டு விழாமல் மறுபடி சுடுவதும், தோட்டா சிக்கிக்கொள்வதும், அவசரத்தில் மேகசின் கீழே விழுவதும் நடக்கும். 15 தோட்டா வரம்புள்ள புரொடக்ஷனுக்கு ஐந்து, நீண்ட மேகசின் உள்ள கேரி ஆப்டிக்ஸுக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் எண் எழுதிவிடுங்கள். மணலிலும் சேற்றிலும் விழுந்து எழும் பொருள் அது. எது சிக்குகிறது என்று எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். சிக்கியதைப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்குங்கள். போட்டி முடிந்த அன்றே தூரிகையால் துடைத்து, எண்ணெய் தடவாமல் உலர்வாக வையுங்கள்.